ஒன்று கொடுத்து மூன்று வாங்கும் லென்ஸ்

புதிதாக ஒரு கேமராவும் மேக்ரோ லென்சும் கைக்கு வந்தால் முதலில் எதைப் படம் எடுப்பீர்கள்? யானையையா, மயிலையா? அவற்றுக்கு இந்த லென்ஸ் வேண்டியதில்லை. எறும்பு, சிலந்தி, தேனீ போன்ற சின்ன உயிர்களுக்காகவே செய்யப்பட்டது இது.

அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. எங்கள் ஊர் போடிநாயக்கனூர், சுருக்கமாகப் போடி. அடிவாரத்தில் மாந்தோப்பும் இலவ மரங்களும். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து அந்தப் பக்கம் கேரளம். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏலத்தோட்டம். ஒரே காலையில் வெயில் காட்டுப் பூச்சியையும் பனிக்காட்டுப் பூச்சியையும் பார்த்துவிடலாம்.

துணைக்கு என் அக்கா மகள் வந்தாள். ஏழாம் வகுப்பு. கேள்வி கேட்பதில் அவளை யாராலும் மிஞ்ச முடியாது.

"இந்த லென்ஸ் அப்படி என்னதான் மாமா செய்யும்?"

"ஒண்ணு கொடுக்கும், மூணு வாங்கிக்கும்" என்றேன்.

கொடுப்பது: பெரிய உருவம்

கேமராவுக்குள் படம் விழும் சின்னத் தகட்டுக்கு சென்சார் என்று பெயர். என் கேமராவில் அதன் அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24 மில்லிமீட்டர். சாதாரண லென்சால் ஒரு எறும்பை எவ்வளவு கிட்டே போய் எடுத்தாலும், சென்சாரில் விழும் உருவம் பெரும்பாலும் எறும்பின் நிஜ அளவில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான் இருக்கும். அதற்கும் மேல் நெருங்கினால் லென்ஸ் தெளிவைக் கைவிட்டுவிடும். மேக்ரோ லென்ஸ் நெருங்கவும் விடும், தெளிவையும் காப்பாற்றும். 8 மில்லிமீட்டர் எறும்பு சென்சாரிலும் 8 மில்லிமீட்டராகவே விழும். இதை ஒன்றுக்கு ஒன்று என்று குறிப்பிடுவார்கள்.

"அதே அளவுதானா? அப்புறம் எங்கே மாமா பெரிசாச்சு?"

சரியான கேள்வி. பெரிதாவது பிறகுதான். 36 மில்லிமீட்டர் அகலத்தில் விழுந்த படத்தை 36 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் பத்து மடங்கு. 8 மில்லிமீட்டர் எறும்பு 8 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்படிப் பெரிதாக்கினாலும் உடையாத அளவுக்குத் தெளிவான சிறு உருவத்தைச் சென்சாரில் விழவைப்பதுதான் லென்சின் வேலை.

வாங்குவது ஒன்று: தூரம்

முதல் சோதனை அடிவார மாந்தோப்பில். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவந்த எறும்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கடியும் வாங்கியிருப்பீர்கள். அதுதான் முசுறு. இலைகளைத் தைக்கும் நூல் பெரிய எறும்பிடம் கிடையாது. இலை விளிம்புகளைச் சில எறும்புகள் இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில தங்கள் புழுப்பருவக் குஞ்சுகளைத் தாடையில் கவ்விக் கொண்டுவரும். குஞ்சின் வாயிலிருந்து வரும் பட்டுநூலை இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாற்றி மாற்றி ஒட்டித் தைத்துவிடும். வெறுங்கண்ணுக்கு எறும்புகள் ஏதோ வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு போவதாகத்தான் தெரியும். அது நூல் விடும் குஞ்சு என்பதை மேக்ரோ லென்ஸ் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்க வேண்டுமானால், 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்சின் முனை எறும்பிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வந்த எதையும் முசுறு சும்மா விடாது. முன்னுடலை நிமிர்த்தும், தாடையை விரிக்கும், பின்வயிற்றைத் தூக்கும். "இதுக்கு மேல வராதே" என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

எவ்வளவு நெருங்கலாம் என்பதை லென்ஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை, விலங்கும் தீர்மானிக்கிறது. தட்டான் நம் நிழல் மேலே விழுந்தாலே பறந்துவிடும். அதனால் சூரியன் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொண்டு, நிழல் விழாத திசையிலிருந்து மெதுவாக நெருங்க வேண்டும்.

சில விலங்குகளிடம் நெருங்கவே கூடாது. ஏலத்தோட்டங்களில் குழிவிரியன் உண்டு. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவே உள்ள குழியால் இரையின் உடல் சூட்டை உணரும் விஷப்பாம்பு அது. அசையாமல் மணிக்கணக்கில் கிடக்கும். "அசையலையே, கிட்டே போகலாம்" என்று நினைப்பதுதான் ஆபத்து. அதைத் தூரத்திலிருந்து ஜூம் லென்சால் எடுப்பதே பெரியவர்கள் வேலை. மேக்ரோ லென்ஸ் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

வாங்குவது இரண்டு: கனம்

அடுத்த சோதனைக்கு மலை ஏறினோம். போடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரம். போடிமெட்டு ஏறத்தாழ 1,370 மீட்டர். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6 டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். நமக்கு அது ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர். பூச்சிகளுக்கோ உடம்பே ஓடாத குளிர். அவற்றின் உடல் வெப்பம் பெரும்பாலும் சுற்றுப்புறத்தை ஒட்டியே இருக்கும். குளிர்ந்தால் தசை சுறுசுறுப்பாக இயங்காது. வெயில் ஏறும்வரை பறக்க வராது. மேக்ரோ படம் எடுப்பவர்கள் விடியற்காலையில் எழுந்து ஓடுவது இதனால்தான்.

போடிமெட்டில் புல்நுனியில் ஓர் ஊசித்தட்டான், உடம்பெல்லாம் பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. தலைக்கு நேராக நின்று எடுத்தேன். கண் பளிச்சென்று விழுந்தது. வால் புகையாகக் கரைந்துவிட்டது.

"கேமரா ரிப்பேரா மாமா?"

ரிப்பேர் இல்லை. இது லென்ஸ் வாங்கும் இரண்டாவது விலை. ஒன்றுக்கு ஒன்று அளவில், லென்சில் ஒளி நுழையும் துளையை எட்டாம் எண்ணில் (f/8) வைத்தால், தெளிவாக விழும் பகுதியின் கனம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். பத்துத் தாளை அடுக்கினால் வரும் கனம்! அதற்கு முன்னால் இருப்பதும் மங்கல், பின்னால் இருப்பதும் மங்கல்.

ஏன் அப்படி? தூரத்து மலையிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்சுக்குள் நுழையும்போது ஏறக்குறைய இணையாக இருக்கும். மலை நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. மிக அருகே உள்ள பொருளிலிருந்து கதிர்கள் நன்றாக விரிந்து வந்து நுழையும். பொருள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கதிர்கள் ஒன்றுகூடும் இடம் சென்சாரை விட்டு முன்னே பின்னே போய்விடும்.

துளையைச் சிறிதாக்கி, பதினாறாம் எண்ணில் (f/16) வைத்தால் கனம் 2 மில்லிமீட்டர் ஆகும். இன்னும் சிறிதாக்கினால்? ஒளி மிகச் சிறிய துளையில் நுழையும்போது ஓரங்களில் சிதறிப் பரவும். அப்போது எல்லாமே சற்று மங்கும். ஆகவே இங்கே பேராசை பலிக்காது.

வேறு வழி ஒன்று உண்டு. ஊசித்தட்டானுக்குப் பக்கவாட்டில் போய், அதன் உடம்பும் கேமராவின் முதுகும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி நின்றோம். இப்போது தலை, நெஞ்சு, வால் மூன்றும் லென்சிலிருந்து ஒரே தூரத்தில். அதே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் முழு உடம்பும் அடங்கிவிட்டது. துளையை மாற்றவில்லை, நிற்கும் இடத்தை மட்டுமே மாற்றினோம்.

மங்கலை அளவுகோலாக்கும் சிலந்தி

நமக்குத் தொல்லையாக இருக்கும் இந்த மங்கலை வைத்தே பிழைப்பு நடத்தும் ஒரு விலங்கு உண்டு. உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கும்: குதிக்கும் சிலந்தி. ஈப்புலி என்றும் சொல்வார்கள். வலை விரித்துக் காத்திருக்காது; பார்த்து, பதுங்கி, பாய்ந்து இரையைப் பிடிக்கும்.

அதற்கு எட்டுக் கண்கள். முகத்தின் நடுவே உருண்டையாக இரண்டு பெரிய கண்கள் இருக்கும். மேக்ரோ லென்சை அவற்றின் மேல் நிறுத்தினால் ஓர் ஆச்சரியம்: கண் அசையாது, ஆனால் கண்ணின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். கண்ணின் லென்ஸ் தலையோடு ஒட்டியது, அது நகராது. உள்ளே குழாய் போன்ற பகுதியின் கடைசியில் இருக்கும் விழித்திரைதான் இடமும் வலமும் நகர்கிறது. அது நம் பக்கம் திரும்பும்போது கண் கறுப்பாகத் தெரியும். வேறு பக்கம் போகும்போது வெளுத்துத் தெரியும்.

"பாயணும்னா தூரம் தெரியணுமே. ஸ்கேல் வச்சா அளக்குது?"

அதைத்தான் ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2012இல் சயின்ஸ் இதழில் அது வெளிவந்தது. இந்தச் சிலந்தியின் பெரிய கண்ணில் விழித்திரை ஒன்றன் பின் ஒன்றாக நான்கு அடுக்குகள். பச்சை ஒளியை உணர்பவை அவற்றில் இரண்டு. ஓர் அடுக்கில் உருவம் தெளிவாக விழும்போது மற்றதில் மங்கலாகத்தான் விழும். இரை நெருங்க நெருங்க அந்த மங்கல் கூடும். எவ்வளவு மங்கலோ அதை வைத்துச் சிலந்தி தூரத்தைக் கணக்கிடுகிறது!

எப்படி உறுதி செய்தார்கள்? பச்சை ஒளியில் விட்டபோது சிலந்தி குறி தவறாமல் பாய்ந்தது. வெறும் சிவப்பு ஒளியில் விட்டபோது இரைக்கு முன்னாலேயே விழுந்தது. சிவப்பு ஒளி பச்சையைவிடக் குறைவாக வளைவதால் சற்றுப் பின்னால் போய்க் குவியும். மங்கல் கூடிவிடும். "இரை ரொம்பக் கிட்ட இருக்கு" என்று ஏமாந்து சிலந்தி குறைவாகத் தாவிவிடும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம் வெப்பநாடுகளின் வீடுகளில் பரவலாக வாழ்வது. ஆகவே அடுத்த முறை சுவரில் ஒன்றைப் பார்த்தால் ஒட்டடைக் குச்சியைத் தேடாதீர்கள்.

வாங்குவது மூன்று: ஒளி

ஒன்றுக்கு ஒன்று அளவுக்கு நெருங்கும்போது, லென்ஸ் தரும் உருவம் விரிந்து விழுகிறது. அதே ஒளி அதிகப் பரப்பில் பரவுவதால் சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது ஏறத்தாழ கால்பங்கு. துளையையும் சிறிதாக்கியிருக்கிறோம். இருட்டு இன்னும் கூடும். ஏலத்தோட்டத்தில் இது பெரிய சிக்கல். ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. உயர்ந்த மரங்களின் நிழலில்தான் வளரும்.

ஏலப்பூவைப் பார்த்திருக்கிறீர்களா? செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். பூவோ அடியில், வேரடித் தண்டிலிருந்து நீளும் சரங்களில், பல ரகங்களில் தரையை ஒட்டியே இருக்கும். வெள்ளை இதழ், நடுவில் ஊதாக் கோடுகள். விடியும் நேரத்தில் மலரும் பூ ஒரு நாள்தான் தாங்கும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். மகரந்தம் தானாகச் சூல்முடியில் சேராதபடி பூவின் அமைப்பு இருக்கிறது. தேனீ வராத பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். போடியில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் ஏலக்காய்க்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்ன வருகைதான்.

தேனீயின் சிறகு ஒரு நொடியில் 200 தடவைக்கு மேல் அடிக்கிறது. கேமராவின் கதவு ஒரு நொடியில் 200இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் சிறகு ஒரு முழுச் சுற்று அடித்து முடித்துவிடும். படத்தில் சிறகே இருக்காது, ஒரு புகைமூட்டம்தான் இருக்கும். இங்கே கைகொடுப்பது ஃபிளாஷ். அதைக் குறைந்த அளவில் வைத்தால் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னும். அந்தக் கண நேரத்து வெளிச்சத்தில் சிறகு நின்றுவிட்டதுபோல் பதியும். வெறும் ஃபிளாஷ் கண்ணைக் குத்தும் பளபளப்பைத் தரும். முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒளி பரவி மென்மையாகும்.

அப்படி எடுத்த படத்தில் என்ன தெரிந்தது தெரியுமா? தேன் குடிக்கத் தலையை நுழைத்த தேனீயின் முதுகு முடிகளில் மகரந்தத் துகள்கள். அடுத்த பூவுக்குப் போகும் சுமை அது.

லென்ஸ் கைவிரிக்கும் இடம்

அந்தப் பூவுக்குள்ளேயே இன்னொரு விலங்கும் இருந்தது: இலைப்பேன். ஏலக்காயின் தோலைச் சுரண்டிச் சொறி உண்டாக்கும் பூச்சி. நீளம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். என் கேமரா ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 167 பிக்சல் பதிக்கிறது. அந்தக் கணக்கில் முழு இலைப்பேனும் ஏறத்தாழ 200 பிக்சலில் முடிந்துவிடும். கால் எது, இறக்கை எது என்று சொல்லலாம். இறக்கை ஓரத்துக் குஞ்சம்போன்ற முடிகளை எண்ண முடியாது. லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்று வளையங்களை மாட்டி லென்சைத் தள்ளி வைத்தால் உருவம் இன்னும் பெரிதாகும். ஆனால் தூரம், கனம், ஒளி மூன்றும் இன்னும் சுருங்கும். லென்ஸ் கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகவே வாங்கும்.

ஒரு எச்சரிக்கை: ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பார்கள். தோட்டக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. மருந்து அடித்த இடத்துக்குப் போகவே கூடாது.

நாலாவது விலையை யார் கொடுப்பது?

தூரம், கனம், ஒளி ஆகிய மூன்று விலையையும் படம் எடுப்பவர் கொடுக்கலாம். சில சமயம் நாலாவது விலை ஒன்றை விலங்கு கொடுத்துவிடுகிறது.

போடிமெட்டைத் தாண்டினால் பூப்பாறை. அதன் அருகே 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை. உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் கேலக்சி தவளைக்கு அந்தச் சோலையும் ஒரு வீடு. விரல்நுனி அளவு உடம்பு, கரிய தோல், அதன் மேல் வெளிர்நீலப் புள்ளிகள். 1878இலேயே அறிவியல் உலகுக்கு அறிமுகமானாலும் பார்ப்பது மிக அரிது. ஈரமான இலைச்சருகிலும் விழுந்து கிடக்கும் மரங்களுக்கு அடியிலும் ஒளிந்து வாழும்.

கேரளக் காடு ஒன்றில் 2020இல் ராஜ்குமார் என்ற ஆய்வாளர் விழுந்த மரத்துக்கு அடியில் இப்படி ஏழு தவளைகளைக் கண்டார். பெருந்தொற்றுக் காலம் கழிந்து திரும்பப் போனபோது மரம் புரட்டப்பட்டுக் கிடந்தது. சுற்றியிருந்த செடிகள் மிதிபட்டிருந்தன. தவளைகள் இல்லை. படம் எடுக்க வந்தவர்கள் மரத்தைப் புரட்டி, தவளைகளைக் கையால் எடுத்து அழகான இடத்தில் வைத்து, கடும் வெளிச்சம் அடித்துப் படமெடுத்தார்கள் என்று காட்டு வழிகாட்டி ஒருவர் அவரிடம் சொன்னார். இந்தச் செய்தி 2025இல் உலகமெங்கும் பேசப்பட்டது.

தவளையைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? தவளை தோல் வழியாகவும் மூச்சு விடும்; தோல் வழியாகவே நீரை உறிஞ்சும். நம் கையில் இருக்கும் உப்பும் சோப்பும் கிருமியும் அதே வழியாக உள்ளே போகும். புரட்டிய மரத்தைத் திரும்ப வைத்தாலும் அடியில் இருந்த ஈரம் போய்விடும்.

விலங்கு விலை கொடுக்காமலும் படம் எடுக்க முடியும். மா. கிருஷ்ணன் என்ற பெரிய இயற்கையாளரைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். காட்டில் நடந்து, காத்திருந்து, விலங்கை அதன் இடத்திலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய படங்களின் பெருமைக்கு விலை உயர்ந்த கருவி காரணமில்லை.

நீங்களும் சோதிக்கலாம்

கேமரா இல்லையா? வீட்டுச் செல்போன் போதும்; பெரியவர்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: ஒரு அளவுகோலை மேசையில் வையுங்கள். தெளிவு கெடாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் படம் எடுங்கள். படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்கியிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறையக் குறைய உருப்பெருக்கம் அதிகம்.

இரண்டாவது: செல்போன் லென்சின் மேல் ஒட்டும்படி மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரே ஒரு சொட்டு நீர் விடுங்கள். உருண்ட நீர்த்துளியும் ஒரு லென்ஸ்தான். அளவுகோலை மறுபடி எடுத்து, முதல் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது: அளவுகோலை ஒரு புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து எடுங்கள். எத்தனை கோடுகள் தெளிவாக விழுந்தன? அதுதான் உங்கள் லென்ஸ் தரும் கனத்தின் அடையாளம். நீர்த்துளியோடு எடுத்தால் அந்த எண்ணிக்கை கூடுமா, குறையுமா? எடுப்பதற்கு முன்பே ஊகித்து எழுதி வையுங்கள்.

பிறகு தோட்டத்துக்குப் போகலாம். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் நாலு விவரம்: தேதி, இடம், எந்தச் செடி, விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த நாலு விவரம் இல்லாத படம் ஆய்வாளருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

"படம் நல்லா வந்திருக்கான்னு எப்படி மாமா தெரிஞ்சுக்கிறது?" என்று இறங்கும் வழியில் அவள் கேட்டாள்.

அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. படம் எடுத்த பிறகு திரையைப் பார்க்காதீர்கள், விலங்கைப் பாருங்கள். எறும்பு இலை தைத்துக்கொண்டே இருக்கிறதா? தேனீ அடுத்த பூவுக்குப் போகிறதா? அப்படியானால் படம் தேறியது. வேலையை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறதா? ஒரு சாண் பின்னால் நகர்ந்து, மறுபடி முயலுங்கள்.